கருங்காலிக்கு அடித்த மணி

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் நாக்கு இந்த இடத்திலேயே மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும். போன வாரம் சொன்ன கதைக்கு இப்படிச் சத்தியம் செய்தேனா? செய்யவில்லை. வித்தியாசம் உங்களுக்கே புரியும். அந்தக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

விடியலுக்கு முந்தின நேரம்... நாய்கூடக் குரைக்கச் சோம்பல்படும் நேரம். ரயில் ஷெட்டின் பின்பக்கம் ஒரு பாதை. இந்தப் பக்கம் மதில், அந்தப் பக்கம் சாக்கடை. ஒரு மனிதர் தனியாக நடந்து போகிறார். என் நண்பனுடைய பெரியப்பா மகன். புறநகர் மின்சார ரயில் ஓட்டுகிற மோட்டார்மேன். தான் வேலை செய்கிற ஷெட்டுக்கே திருடன் மாதிரிப் பின்பக்கமாகப் போகிறார்.

காரணம் இருக்கிறது. அன்று வேலைநிறுத்தம். முன்வாசலில் கொடியோடு நின்ற கூட்டத்துக்குத் தலைவர் யாரென்றால், இவருடைய சொந்த மச்சான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

புறநகர் வண்டியில் முன்னால் மோட்டார்மேன், கடைசிக் கேபினில் கார்டு. கார்டு இரண்டு மணி அடித்தால் வண்டி புறப்பட வேண்டும். ஒரு மணி என்றால் நில். மோட்டார்மேனும் பதிலுக்கு அதையே அடிப்பார். அந்த வருஷம் ஒரு கார்டு, முதுகுவலிக்கு ஓயாமல் தைலம் தேய்ப்பவர், ஆகவே தைலக்காரர், ஓடுகிற வண்டியிலேயே உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த நிலையத்தில் மணி வராதபோதுதான் தெரிந்தது. நிர்வாகம் மாலை போட்டது. மௌனமாக நின்றது. பிறகு யோசித்தது: கார்டு செத்த பிறகும் வண்டி ஒழுங்காகத்தானே ஓடியிருக்கிறது? அப்புறம் கார்டு எதற்கு?

இனி கார்டே இல்லாமல் வண்டி என்றார்கள். அதற்குத்தான் வேலைநிறுத்தம்.

அதிகாரி இவரைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் வண்டியைக் கார்டு இல்லாமல் எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். வீட்டில் சொன்னார். மனைவி சண்டை போடவில்லை. "போறதுன்னா போங்க. நாளைக்கு என் தம்பி மூஞ்சில எப்படி முழிப்பீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போகிறவனுக்கு ரயில்வேயில் ஒரே பெயர்தான். கருங்காலி. வழியெல்லாம் அந்தச் சொல் கொசு மாதிரிக் காதைச் சுற்றியது. விரட்டினால் மறு காதுக்குப் போனது.

மதில் இடிந்த இடத்தில் நுழைந்தார். வண்டியில் ஏறினார். வண்டி பெருமூச்சு விட்டுக் கிளம்பத் தயாரானது. சிக்னல் பச்சை. கைப்பிடியில் கை... நகரவில்லை. இரண்டு மணி கேட்காமல் நகர்ந்து பழகாத கை அது.

டிங்... டிங்.

இவர் கை தானாகவே பதில் மணி அடித்தது. வண்டி புறப்பட்டது. ஷெட்டைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அடித்தது யார்?

பயந்தார் என்றா நினைக்கிறீர்கள்? சந்தோஷப்பட்டார். அப்பாடா, நமக்குத் துணையாக இன்னொரு கருங்காலி! திட்டு பாதியாகக் குறையுமே.

நிலையம் வந்தது. விளக்கெல்லாம் எரிகிறது, ஆள் இல்லை. யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை. டிங்... டிங். அடுத்த நிலையமும் அப்படியே. அப்போதுதான் ஒரு வாசனை. கற்பூரமும் புதினாவும் கலந்த நெடி... தைலம். ஓடுகிற வண்டியில் காற்று முன்னாலிருந்து பின்னால்தான் போகும். இது பின்னாலிருந்து முன்னால் வந்தது. பெட்டி பெட்டியாக... நடந்து வருகிற மாதிரி.

அதற்கடுத்த நிலையத்தில் உட்கார முடியவில்லை. இறங்கிப் பின்னோக்கி நடந்தார். பெட்டிகள் காலி. வண்டி நிற்கிறது, ஆனால் உள்ளே தொங்குகிற கைப்பிடிகள் அத்தனையும் ஒரே சீராக ஆடுகின்றன. கடைசிக் கேபின். வெளியே பூட்டு. பூட்டின் மேல் நிர்வாகம் வைத்த சிவப்பு அரக்கு முத்திரை, கீறல் இல்லாமல்.

ஓடியிருக்க வேண்டும். அவர் கவலை வேறு. கதவில் வாயை வைத்து, "யாரா இருந்தாலும் சரிங்க... நாம ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம்னு நாளைக்குச் சொல்வீங்கல்ல?" என்று கேட்டார்.

உள்ளே ஒரு செருமல்.

"சொல்றேனே தம்பி. எனக்கென்ன... எனக்குத்தான் காலே கெடையாதே. என்னை எவன் கருங்காலிம்பான்?"

மறுபடியும் ஒரு செருமல்.

"உனக்கு ரெண்டு இருக்கே."

டிங்.

ஒரே ஒரு மணி. நில்.

அதற்குப் பிறகு அவருக்கு நினைவில்லை. வெளிச்சம் வந்ததும் மச்சான் ஆட்களோடு ஷெட்டுக்குள் வந்து பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. உள்ளே இவர், கண்ணைத் திறந்தபடி, கைப்பிடியை விடாமல். மச்சான் குனிந்து சக்கரத்தில் கை வைத்தார். சுரீரென்று இழுத்துக்கொண்டார். கொதிக்கிறது.

கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எறங்குங்க மாமா. நீங்க வரவேயில்ல. நாங்களும் பாக்கல."

இறங்கினார். கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் கன்னங்கரேல். சோப்புக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. மனிதர் இன்றைக்கும் காலுறையோடுதான் குளிக்கிறார். ஒருமுறை கழற்றிக் காட்டச் சொல்லி நானே கேட்டேன். காட்டவில்லை. காட்ட ஒன்றுமில்லை என்றால் எதற்கு மறைக்க வேண்டும், சொல்லுங்கள்?

அவ்வளவுதான். விளக்கை அணைப்பவர்கள் அணைக்கலாம்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. சப்ஸ்டேஷன் ஆட்களும் வேலைநிறுத்தத்தில் இருந்ததால், முந்தின நாள் மாலையிலிருந்தே அந்த ரயில் பாதை முழுக்க மின்சாரம் கிடையாது.