மவுஸை ஆட்டிக்கிட்டே இரு

— இல்லண்ணா, அது ப்ளூடூத். அதுக்கு மேல பாரு, ஹாட்ஸ்பாட்னு இருக்கும். அதைத் தட்டு.

— தட்டிட்டேன். ஒண்ணும் நடக்கல.

— நடந்திருச்சு. வயர்ல கம்ப்யூட்டருக்கு வர்ற நெட்டை இப்ப என் போனுக்கும் பங்கு போட்டுக் குடுக்குது. பாரு, கோடு முழுசா வந்துருச்சு.

— என்னமோ போ பாப்பா. கேட்டுக்கும் கிரில்லுக்கும் படம் போடத்தான் இதை வாங்கினேன். இங்கயே உக்காந்து பேசேன், எதுக்கு மாடிக்குப் போற?

— இதுல கேமரா இல்லையே. போன்ல பேசலாம்னா, இங்க வாசல்லயே உன் பட்டறை. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கறவங்க காதுல இரும்பு அறுக்கற சத்தம் விழுந்தா என்ன நெனப்பாங்க?

— கிரைண்டரை நிறுத்தச் சொல்றேன்.

— வேணாம், நாளைக்குக் கேட் மாட்டணும்னு சொன்னல்ல. கேளு, முக்கியமான விஷயம். ரெண்டு நிமிஷம் யாரும் தொடலன்னா இந்தக் கம்ப்யூட்டர் தூங்கிடும். இது தூங்கினா மாடியில எனக்கு நெட் போயிடும், போன் சிக்னல் அங்க எடுக்காது. செட்டிங்கை மாத்திப் பார்த்தேன், பிடிபடல.

— அப்ப?

— மவுஸை ஆட்டிக்கிட்டே இரு. முக்கால் மணி நேரம்.

— முக்கால் மணி நேரம் எலிவாலைப் பிடிச்சிக்கிட்டு உக்காரணுமா?

— உக்காருவியா மாட்டியா?

— உக்காந்தாச்சு. தலையைச் சீவிக்கிட்டுப் போ.

— சீவிட்டேன்ணா.

— பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குது. இப்படித் திரும்பு. ம், இப்பப் போ.

— என்னங்க, ஆளுங்க கேட்டுக்கு அளவு கேக்கறாங்க. நீங்க இங்க உக்காந்து என்னத்தைத் தேச்சிக்கிட்டு இருக்கீங்க?

— உன் நாத்தனாருக்கு நெட் அனுப்பிக்கிட்டு இருக்கேன்.

— ஆரம்பிச்சாச்சா. அதான் மாடியில இங்கிலீஷ் சத்தம். நல்லா பேசறாங்க. தடங்கலே இல்ல.

— அவளுக்கு சின்னப் பிள்ளையில 'ர' வராது, தெரியுமா. அம்மா தவறின வருஷம் அது. பள்ளிக்கூடத்துல எல்லாரும் கேலி பண்றாங்கன்னு அழுதுக்கிட்டு வந்தா. பட்டறையில உக்கார வச்சு 'ரம்பம், ரம்பம்'னு சொல்ல வச்சேன். எனக்குத் தெரிஞ்ச 'ர' அது ஒண்ணுதான்.

— பேன் பார்த்தது, சடை பின்னினது எல்லாம் கல்யாணமாகி வந்த அன்னைக்கே சொன்னீங்க. இதைச் சொல்லலையே.

— இது இப்பதான் ஞாபகம் வந்துச்சு. வேலை கிடைச்சா மூணு வருஷத்துக்கு லீவே கிடையாதாம்.

— தெரியும்ங்க. நீங்கதானே 'அப்ளிகேஷன் போட்டுப் பாரு'ன்னு சொன்னீங்க.

— சொன்னேன். கிடைக்காதுன்னு நெனச்சு சொன்னேன்.

— இதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. என்னங்க, திரை இருட்டாயிடுச்சு.

— ம்.

— ம்-னா? ஆட்டுங்க.

— இரு.

— கையைத் தூக்கி மடியில வச்சிக்கிட்டு இருந்தா எப்படி? மாடியில சத்தம் நின்னு போச்சு, கேக்குதா?

— கேக்குது.

— என்னங்க. உங்களை நம்பித்தான் அங்க உக்காந்திருக்காங்க.

— ஆட்டிட்டேன். முழிச்சுக்கிச்சு, பாரு.

— அந்த ஹாட்ஸ்பாட்?

— அதையும் தட்டிட்டேன். திரும்பப் பேச ஆரம்பிச்சுட்டா. நீ போய் ஏழடின்னு சொல்லு. இனிமே கையை எடுக்க மாட்டேன்.

— அண்ணா, முடிஞ்சிருச்சு. போதும், மவுஸை விடு.

— பாப்பா, உக்காரு. ஒண்ணு சொல்லணும்.

— நடுவுல நெட் போச்சுண்ணா.

— அதைத்தான் சொல்ல வர்றேன். தானா போகல. நான்தான் கையை எடுத்தேன், தெரிஞ்சேதான் எடுத்தேன். நீ போயிடக் கூடாதுன்னு திடீர்னு ஒரு எண்ணம். உங்க அண்ணி பார்த்துக்கிட்டு இருந்தா, அவளையே கேளு. நான் பண்ணினது பெரிய தப்பு. என்னைத் திட்டிடு.

— முதல்ல என் முகத்தைப் பாருண்ணா.

— கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அழுதியா? என்னால வேலை போச்சா?

— அழுதது வேலை போச்சுன்னு இல்லண்ணா. 'வீட்டை விட்டுட்டு இருந்துடுவீங்களா, வீட்ல யார் இருக்காங்க'ன்னு கேட்டாங்க. 'அண்ணன்'னேன். அதுக்கு மேல பேச்சு வரல. அவங்க எதிர்லயே அழப்போறேன், எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சப்போதான் நெட் போச்சு. அழுது முடிச்சு முகத்தைத் துடைச்சேன், தண்ணி குடிச்சேன். திரும்ப வந்ததும் 'இருந்துடுவேன்'னு தெளிவா சொல்லிட்டேன். அடுத்த மாசமே வரச் சொல்லிட்டாங்கண்ணா.