மூன்று சொல்லில் ஒரு பதில்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள். ஜெராம் வரைக்கும் அரைத்தூக்கத்தில் வந்தேன். "நான் போட்ட கேள்வியில நானே ஃபெயிலு லா" என்று ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதும் தூக்கம் போய்விட்டது.

"என்ன கேள்வி, டீச்சர்?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

"ரெண்டாம் வகுப்புக்கு டேப்லட்ல பயிற்சி செஞ்சேன். 'காலையில உன்னை எழுப்புறது யாரு?' பிள்ளைங்களே ஒரே சொல்லுல பதில டைப் பண்ணணும். சரியான பதில்னு 'அம்மா', 'அப்பா', 'பாட்டி' மட்டும்தான் போட்டு வச்சேன்."

"சரி."

"தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பொண்ணு ஒருத்தி 'பக்கத்து வீட்டு அக்கா'ன்னு எழுதியிருக்கா. தப்புன்னு சிவப்புல காட்டிருச்சு. அவ விடல. மூணு தடவையும் அதையேதான் எழுதியிருக்கா."

"கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அவ அம்மா விடியறதுக்கு முன்னாலயே கம்பெனி பஸ் ஏறிடுவாங்களாம். அந்த அக்காதான் கதவத் தட்டி எழுப்புவாங்களாம்."

"அப்ப அதையும் சரியான பதில்ல சேர்த்துடலாமே."

"முழுசா அப்படியே சேர்த்துட்டேன். எத்தனை சொல்லு வேணும்னாலும் எழுதலாம்னு சொல்லி, எல்லாரையும் திரும்பச் செய்ய வச்சேன்."

"அவளுக்குப் பச்சை வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா முன்ன 'அம்மா'ன்னு எழுதி மார்க் வாங்குன நாலு பேரு, இந்தத் தடவை அவ பதிலையே எழுதியிருக்காங்க."

"பார்த்து எழுதிட்டாங்களா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அஞ்சும் ஒரே லயத்துப் பிள்ளைங்க, டீச்சர். அந்த அக்கா தினமும் அஞ்சு கதவையும் தட்டிக்கிட்டு வர்றாங்க."