விரிசல் பார்க்க வந்தவர்

— அக்கா, இது மூணாவது தடவை. இந்தச் சுவரைத் தட்டித் தட்டி என் விரல்தான் வீங்கிப் போச்சு. வீடு கல்லு மாதிரி இருக்கு. வாசல்லயே நின்னா எப்படி? உள்ள வந்து பாருங்க.

— எனக்கு இங்கேருந்தே தெரியுது இஞ்சினியர் தம்பி. ஜன்னலுக்கு மேல ஓடுதே, அந்த விரிசல்? நேத்து இவ்வளவு நீளம் இல்ல.

— அது பூச்சுல விழுந்த கோடுக்கா. நகம்கூட நுழையாது. தூணு, அஸ்திவாரம் எல்லாம் பாத்துட்டேன். பச்சை ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. 'குடியிருக்கலாம்'னு போட்டிருக்கு பாருங்க.

— பூமி என்ன, ஸ்டிக்கரைப் படிச்சுப் பாத்துட்டா ஆடும்?

— அப்ப இன்னமும் அந்த ஸ்கூல் பஸ்லதான் தூக்கமா?

— பூகம்பம் வந்த அன்னிலேருந்து, நாப்பது நாளா! நான் ஓட்டற பஸ்ஸு, எனக்கில்லாத உரிமையா? முன்னாடி நான், கடைசி சீட்டுல எங்க வீட்டுக்காரரு, நடுவுல அக்கம்பக்கத்து ஆளுங்க ஆறு பேரு. அவங்க விடற குறட்டையில இன்னொரு தடவை ஆடினாக்கூடத் தெரியாது.

— அவரு என்ன சொல்றாரு?

— அவரா? அவருக்கு நான் வருஷக்கணக்காப் பாடம் எடுத்திருக்கேன் தம்பி. ஆட ஆரம்பிச்சா மேசைக்கு அடியில பூந்துக்கணும், அது நின்னப்புறம் செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய வரணும், தரையெல்லாம் கண்ணாடியா இருக்கும்னு. அன்னிக்குக் குளிச்சிக்கிட்டிருந்த மனுஷன், தலை நிறைய நுரையோட, இடுப்புல ஜன்னல் திரையைச் சுத்திக்கிட்டு நடுத்தெருவுல நிக்கறாரு. ஆனா கால்ல செருப்பு இருந்துச்சு!

— ஐயோ அக்கா, வயிறு வலிக்குது!

— சிரிங்க, சிரிங்க. தெருவே அழுதுக்கிட்டிருந்துச்சு. அவரைப் பாத்துதான் எல்லாருக்கும் மூச்சே வந்துச்சு.

— நீங்க?

— மேசைக்கு அடியில. பீரோவைச் சுவரோட ஸ்க்ரூ போட்டு முடுக்கி வெச்சிருந்தேன், அசையலை. எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஆனா அந்தச் சத்தம் இருக்கு பாருங்க... வீட்டுக்குள்ள போகணும்னு நெனச்சாலே காதுக்குள்ள உறுமுது.

— புரியுதுக்கா.

— திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கறாங்க. பஸ்ஸு பிள்ளைங்களுக்கு வேணும். அதான் உங்களை இந்தப் பாடு படுத்தறேன். ஒளிக்காம சொல்லுங்க, இது உங்க வீடா இருந்தா உள்ள படுப்பீங்களா?

— என் வீட்டுல ஒரு கீறல்கூட இல்லக்கா. இதுவரைக்கும் இருநூறு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். முதல் ஸ்டிக்கர் என் வீட்டுக்குத்தான்.

— அப்புறம் என்ன?

— நான் கார்லதான் தூங்கறேன்.

— அடப் பாவி மனுஷா! அதான் கண்ணு ரெண்டும் இப்படிச் செவந்து கிடக்கா?

— யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. இந்த ஊரே என் பேச்சை நம்பித்தான் உள்ள போகுது.

— சொல்ல மாட்டேன். மொதல்ல அந்த ஹெல்மெட்டைக் கழட்டுங்க. நகருங்க, வழி விடுங்க. கட்டிலெல்லாம் ஒரே தூசி, விரிப்பை உதறிப் போடறேன். இந்தாங்க தலையணை. ஒரு மணி நேரம் கண்ணை மூடுங்க, நான் நாற்காலி போட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். லேசா ஆடினாலும் உங்களைத்தான் முதல்ல எழுப்புவேன், போதுமா?

— அக்கா... நீங்க உள்ள வந்துட்டீங்க.