முள் இறங்கவில்லை

உங்கள் அலுவலக டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது மேடம். பதினான்கு வருடம் பால்பவுடர் டீ குடித்தவனுக்கு இதெல்லாம் கவனத்தில் படும். நீங்கள் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வசதியாக நான் நிதானமாகவே சொல்கிறேன். எங்கேயாவது வேகமாகப் போனால் நிறுத்துங்கள்.

என் பெயர் குணசேகரன். ஊர் வல்லத்திராக்கோட்டை. அப்பாவுக்கு நெல்லும் உளுந்தும். பதினெட்டு வயதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. இன்னாசிதான் கூட்டிப்போய்க் காட்டினான். அவன் கோட்டைப்பட்டினத்துப் பக்கம், மீனவர் வீட்டுப் பையன். புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. படிக்கும்போது இருவரும் ஒரே பெஞ்சு. பிறகு வளைகுடாவில் ஒரே அறை, கடைசியில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரே கப்பல். அங்கே எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இருபத்திரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தான். அவனைப் பற்றி நல்லதை மறைத்தேன் என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய்க் கசிவு எப்படி ஆரம்பித்தது என்று பலவிதமாக எழுதுகிறார்கள். நடந்தது எளிய விஷயம். கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், கடலின் தரையைத் துளைத்துக் கிணறு போட்டோம். எங்கள் ஊரில் போர் போட்டால் பக்கத்து மண் சரியாமல் இருக்கக் குழாய் இறக்குவார்கள். இதற்கும் அப்படித்தான், இரும்புக் குழாய். அது நல்லதா என்று பார்க்க, உள்ளே அழுத்தம் ஏற்றிவிட்டு அரை மணி நேரம் மீட்டர் முன்னால் உட்கார வேண்டும். முள் நின்றால் குழாய் நல்லது. இறங்கினால் கீழே எங்கோ விரிசல் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடுகிறவன். இன்னாசி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறிக்கிறவன்.

"மாப்ள, முள்ளு எறங்குதுடா," என்றான்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். மீட்டர் பழசு, வேலை ஏற்கெனவே பதினோரு நாள் தாமதம் என்றார். படிவத்தில் ஒரே வரிதான். 'முள் இறங்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாக் கப்பலிலும் இப்படி எத்தனையோ வரிகள் உண்டு மேடம். பெரும்பாலானவை யாரையும் ஒன்றும் செய்வதில்லை.

மூன்றாம் நாள் கிணறு பொங்கியது. உயிர்ப்படகில் ஏறித் தப்பினோம். அன்றைக்கு யாரும் சாகவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேலாளர் எனக்கு ஃபோன் செய்து, "எழுதிக் கொடுத்ததுலயே நில்லு குணா. உன்னை ஒருத்தரும் தொட முடியாது. நான் இருக்கேன்," என்றார். அந்த வார்த்தையை நம்பினேன்.

ஒரு மாதம் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது. மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோட்டைப்பட்டினத்துக்கு எண்ணெய் இன்னும் வந்து சேரவில்லை. அதற்கு முன்பே நண்டு வாங்க வருகிறவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கிணற்றின் வாயில் பெரிய இரும்பு மூடி ஒன்றைப் பொருத்தி, வால்வை அடைக்கப் போவதாகச் செய்தி வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

இன்னாசி மட்டும் மதிய வெயிலில் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி பிரகதீஸ்வரி சாப்பிடச் சொன்னாள். சாப்பிடவில்லை.

"மூடுனா வெடிச்சுரும் மாப்ள. ஓசு வாயை வெரலால அடைச்சா ஓட்ட இருக்க எடத்துலதான பீச்சும்? கீழ கொழாயில விரிசல் இருக்கு. தரையே பொளந்துரும். அப்பறம் மூடி போடக்கூட வாய் இருக்காது. எங்க புள்ளைக காலத்துக்கும் கடல் கெடையாது."

"நீ சொல்றது சரிதான்," என்றேன். உண்மையாகவே அவன் சொன்னது சரி. அந்த வேலை எனக்கும் தெரியும்.

"அப்ப ரெண்டு பேரும் போயி சொல்லிருவோம். வா."

"ஒழுங்கா எழுதிக் கொடுக்கணும்டா. நோட்டக் குடுத்துட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

கொடுத்தான். நகல் எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். ஒன்கிட்டதான குடுக்கறேன், நகல் எதுக்கு என்றான். அன்று சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் அதைப் போட்டேன். அட்டை மட்டும் எரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஐந்து நாள் ஃபோன் செய்து பார்த்தான். நான் எடுக்கவில்லை. ஆறாம் நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விசாரணை அலுவலகத்துக்குப் போய்விட்டான். முள் இறங்கியது என்று சொன்னதோடு நிற்கவில்லை. "குணசேகரனுக்குத் தெரியும், அவரைக் கேளுங்க" என்று என் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதைக் கேட்டபோது நெஞ்சில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது மேடம். ஒரே தட்டில் சாப்பிட்டவன் இப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை.

அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னாசி நல்ல பையன்தான் சார், கொஞ்சம் குடிப்பான். அன்னைக்கு அவன் மீட்டர்கிட்ட உக்காரவே இல்ல," என்று சொன்னேன். இன்னாசி குடிக்க மாட்டான். அது அவன் ஊருக்கே தெரியும். ஆனால் அதிகாரி அந்த ஊரில் விசாரிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் அவன் இன்றைக்கு வீட்டில் இருந்திருப்பான். விடவில்லை. மூடி பொருத்தும் கப்பலுக்குப் பழைய ஆட்களைக் கூப்பிட்டார்கள். நான் முதுகுவலி என்று டாக்டர் சீட்டு அனுப்பினேன். அவன் பெயர் கொடுத்து ஏறிவிட்டான். அங்கே இருக்கும் இன்ஜினியரிடம் நேரில் சொல்லத்தான் போனான்.

நீங்கள் விசாரித்த அந்த ஃபோன் கப்பலிலிருந்து காலை பத்து மணிக்கு வந்தது. புது நம்பர் என்பதால் எடுத்தேன். கப்பல் ஃபோனில் எல்லாம் பதிவாகும் என்பது அப்போது என் நினைவில் இல்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

"மாப்ள, நான் கெணத்துக்கு நேர் மேலதான் நிக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மூடுறாங்க. இன்ஜினியரு பக்கத்துலயே இருக்காரு, நல்ல மனுசன். ஒன் கையெழுத்தப் பாத்துட்டுதான் நிறுத்தத் தயங்குறாரு. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நிறுத்திருவாங்க."

"எந்த முள்ளு?" என்றேன்.

"மாப்ள."

"முள்ளு எறங்கல இன்னாசி. நீ ஏன் இப்படிப் பேசுறன்னு தெரியல."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை.

"பயப்படாத. ஒனக்கு என்ன வந்தாலும் நான் கூட நிப்பேன். நாலு மணி வரைக்கும் இந்த ஃபோன் பக்கத்துலயே இருக்கேன். யோசிச்சுட்டுக் கூப்புடு. நீ கூப்புடுவ, எனக்குத் தெரியும்."

நான் ஃபோனைச் சார்ஜில் போட்டுவிட்டு வயலுக்குப் போனேன். அன்றைக்கு எங்களுக்குத் தண்ணீர் முறை. ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது பிரகதீஸ்வரி டிவி முன்னால் நின்றிருந்தாள். வால்வை அடைத்துவிட்டார்கள். எண்ணெய் நின்றுவிட்டது, கப்பலில் கை தட்டுகிறார்கள் என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் எழுதியதுதான் சரி போலிருக்கிறது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

ஐந்தே முக்காலுக்குக் கடல் தரை மூன்று இடத்தில் பிளந்தது. கீழிருந்து வாயு பொங்கி வந்தால் தண்ணீருக்குக் கப்பலைத் தாங்கும் பலம் இருக்காது. கல் மாதிரி உள்ளே போய்விடும். பத்தொன்பது பேர் போனார்கள். இன்னாசி உடல் கிடைக்கவில்லை. இப்போது மூடி போட வாய் இல்லை. எத்தனை வருடம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போன வாரம் கோட்டைப்பட்டினத்துக் கரையில் முதல் கறுப்பு ஒதுங்கியிருக்கிறது.

நான் இருக்கிறேன் என்று சொன்ன மேலாளர் என் படிவத்தை அவர் கையாலேயே உங்களிடம் கொடுத்திருக்கிறார். தப்பு முழுவதும் குணசேகரனுடையது என்று எழுதியும் கொடுத்தாராம். மனிதர்களை இனி எப்படி நம்புவது என்று தெரியவில்லை.

இன்னாசி வீட்டுக்கு நான் போனேன். போகாமல் இருக்க முடியுமா? அவன் மனைவி அமலோற்பவம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, கடைசியா ஒங்ககிட்டதான் பேசுனாருன்னு கப்பல்காரங்க சொன்னாங்க. என்ன சொன்னாரு?"

"உன்னையும் புள்ளைகளையும் பாத்துக்கச் சொன்னான்மா."

அது அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டது. "நீங்க ஒருத்தராச்சும் அவரு பக்கம் நின்னீங்களே," என்றது. நான் மறுக்கவில்லை. துக்க வீட்டில் அதெல்லாம் பேசக் கூடாது.

சரி, நீங்கள் எழுத வேண்டியது இதுதான். முள் இறங்கியதைப் பார்த்தேன். மூடினால் தரை பிளக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னாசி அதற்கு நேர் மேலே நிற்கிறான் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல ஆறு மணி நேரம் இருந்தது. சொல்லவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கு என் வீட்டில் வைத்துச் சொன்னேன் இல்லையா, என்னை உண்மையிலேயே நம்பியிருந்தால் அவன் அந்தக் கப்பலில் ஏறியிருக்கவே மாட்டான்.