ஏழு நாள் இழுப்பறையின் தலைவிக்கு

மறைமொழி ஆய்ந்த மாண்புடையீர்! சொல்லின் சுமையறிந்து சோர்வின்றி உழைத்த தூயவரே! பண்டைய யூத மறைநூலில் நோயெனத் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் நாடி பிடிப்பதுபோல் நிதானமாகப் பிடித்துப் பார்த்த, எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்தின் தலைமை உரையாசிரியரே! கோப்புகளில் உங்களுக்கு நீளமான பதவிப்பெயர் உண்டு. எங்கள் வாயில் நீங்கள் என்றும் 'ஏழுநாள் அக்கா'தான். முப்பத்தோராண்டுப் பணி நிறைத்து விடைபெறும் உங்களை வாழ்த்தும் இம்மடலை எழுதிப் படிக்கும் பொறுப்பு, மெய்ப்புத் திருத்துபவனாகிய என் தலையில் விழுந்தது. மேடைப்பேச்சு எனக்குப் பழக்கமில்லை; பொறுத்தருள்க!

அந்தப் பட்டப்பெயரின் கதை புதியவர்களுக்குத் தெரியாது. தோலில் பரவும் தடிப்பாக ஐயத்துக்குரிய படர் கண்டால், கோயில் குருவான ஆசாரியர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாமல், ஏழு நாள் ஒதுக்கி வைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது மறைநூல் விதி. அதை அலுவலகத்துக்கே விதியாக்கினீர்கள். எந்தப் பழைய நோய்க்கு நாங்கள் இன்றைய பெயர் சூட்டினாலும், அந்தக் குறிப்பு உங்கள் மேசையின் அடி இழுப்பறையில் ஏழு நாள் பூட்டப்படும். கட்டிகளும் எலிகளும் சேர்ந்து வரும் ஒரு கதையைக் கண்டதும், "இது பிளேக்தான், சந்தேகமே இல்ல" என்று குதித்தார் எங்கள் அச்சுக்கோப்பாளர். "எலி வந்தாலே பிளேக்னா, நம்ம ஸ்டோர் ரூம்ல இந்நேரம் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம். உள்ள போடு!" என்றீர்கள். எட்டாம் நாள் அவரே, 'இருக்கலாம்' என்று திருத்தித் தந்தார்.

ஆனால் அந்த இழுப்பறை வருவதற்கு முன்பே ஒரு பிழை அச்சேறிவிட்டது. பணியில் சேர்ந்த புதிதில், தோலில் தோன்றும் அந்தப் படருக்கு அடிக்குறிப்பாகத் 'தொழுநோய்' என்று எழுதியவர் நீங்கள். முன்னோர் எழுதிய வழக்கம்; நீங்களும் எழுதினீர்கள்.

அவையோரே, இதை நானே சொல்கிறேன். இருபது வயதில் எனக்குத் தொழுநோய் வந்தது. ஓராண்டு மாத்திரையில் முற்றும் குணமானது. ஆனால் என் அண்ணன் அந்தப் பக்கத்தை விரித்து, "தொழுநோய் வந்தவன் முகாமுக்கு வெளிய, ஊரை விட்டுத் தள்ளி இருக்கணும்னு எழுதியிருக்கே, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். அன்று முதல் அவர் வீட்டில் எனக்குத் தனித்தட்டு, தனிக்குவளை, சாப்பாட்டு அறைக்கு வெளியே ஒரு நாற்காலி. இங்கே பத்தொன்பது ஆண்டுகள் வாய் திறக்காமல் வேலை பார்த்தேன்.

புதிய பதிப்பின் மெய்ப்பு வந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒரு கீறலும் இன்றித் திருப்பியனுப்பிவிட்டு, விடுப்பில் போய்விட்டேன். அதில் நான்கு பிழைகள் இருந்தன. வேறொருவர் மெமோ அனுப்பியிருப்பார். நீங்களோ இரண்டு பேருந்து மாறி வந்து என் கதவைத் தட்டினீர்கள்.

"ஒரு காற்புள்ளி தப்பினாலே பிடிச்சிடுவ. இந்தப் பக்கம் மட்டும் ஏன்பா சும்மா இருக்கு?"

"அந்தப் பக்கத்துல நான் இருக்கேன், அக்கா."

எல்லாவற்றையும் கேட்டீர்கள். என் குவளையிலேயே தண்ணீர் குடித்தீர்கள். "உங்க அண்ணன் பாதியில நிறுத்திட்டார்ப்பா. அடுத்த பக்கத்துல, குணமானவனைப் பார்க்க ஆசாரியரே முகாமுக்கு வெளிய போறார், உள்ள கூட்டிட்டு வர. ஆனா அந்த நோய்ப் பேரு என் தப்பு. நானே எடுக்கிறேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

இரண்டாண்டு உழைத்தீர்கள்! தோல் மருத்துவரை அழைத்து வந்து வரிவரியாகக் காட்டினீர்கள். "தொழுநோய்னா தோல்ல உணர்ச்சி மரத்துப்போகும், அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே மேடம். அதோட இது துணிக்கும் சுவருக்கும்கூட வருதாம். எங்க வார்டுல இதுவரைக்கும் ஒரு சுவரையும் அட்மிட் பண்ணதில்ல!" என்று சிரித்தார் அவர். அப்படியானால் சொரியாசிஸ் என்று போடலாமே என நாங்கள் துள்ளினோம். "ஒருத்தர் தலையில இருந்து இறக்கினதை இன்னொருத்தர் தலையில ஏத்தாதீங்க" என்று அடக்கினீர்கள். கடைசியில் எழுதினீர்கள்: 'தோலிலும் துணியிலும் சுவரிலும் தோன்றும் தீட்டுப் படர். இன்றைய எந்த நோயென்று உறுதியாகச் சொல்ல இயலாது. தொழுநோய் என்று முன்பு எழுதியது எங்கள் பிழை.' கடைசி வாக்கியம் வேண்டாம் என்றது மேலிடம். அது இல்லாமல் கையெழுத்தில்லை என்று ஒற்றைக்காலில் நின்று வென்றீர்கள்.

ஏழு நாள் பூட்டிலிருந்து முந்தாநாள் வெளிவந்த அந்தப் பக்கத்தை அண்ணனிடம் கொண்டுபோனேன். இரண்டு முறை படித்தார். "அப்போ இத்தனை வருஷமா..." என்றார். வெளியே கிடந்த என் நாற்காலியைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்தில் போட்டார். அண்ணி அடுக்கிலிருந்து தட்டுகளை எடுத்து வைத்தார். அவற்றில் எது என் தட்டென்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் ஏழுநாள் அக்காவே! பிறர் நோய்க்குப் பெயர் சூட்டத் தயங்கிய நீங்கள், எந்த நோயின் பெயரும் அண்டாமல் நெடுங்காலம் நலமுடன் வாழ்க! அண்ணன் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். உங்களைச் சாப்பிட அழைத்துவரச் சொல்கிறார். இதற்கு ஏழு நாள் வேண்டாம், அக்கா. இன்றைக்கே வாங்க!

என்றும் உங்கள் அன்பில்,
மொழிபெயர்ப்பு அலுவலகத்தார் அனைவரும்,
எழுதிப் படித்த மெய்ப்புத் திருத்துநரும்