மூன்றாம் வசனத்தில் தொடங்கும் பாட்டு

ஓடுகிறோம். மேல்மாடியிலிருந்து நிலவறைக்கு நாற்பத்திரண்டு படி. சனிக்கிழமை காலை. ஒன்பது மணி இருபது நிமிடம். தகரத்தில் சரளை கொட்டுவதுபோல முதலில் ஒரு சத்தம். அது துப்பாக்கி. பிறகு தரை குலுங்குகிறது. யாரோ அரபியில் கத்துகிறார். எனக்குப் பின்னால் தமிழில் ஒரு குரல்.

“அண்ணாச்சி, குனிங்க! ஜன்னல் பக்கம் போவாதீங்க!”

ஒரு கை என் தோளைப் பிடித்து அமுக்கியது. தலைக்கு மேலே கண்ணாடி உடைந்தது. கை ஞானசீலனுடையது. எங்கள் ஆஸ்பத்திரியின் லேப் டெக்னீஷியன். அந்தக் கை இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் நாள் நான் செய்ததைப் படிக்கும்போது இதையும் சேர்த்து வைத்துப் படியுங்கள்.

என் பெயர் சிவதாணு. திருவனந்தபுரம், ஆரியசாலை. அப்பாவுக்கு மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பாத வீடு. கோயில் பிரசாதம் கொடுத்தாலும் நான் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவேன் என்று என் மனைவி சொல்வாள். சூடானின் தலைநகரில் முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு ஸ்டோர் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் அங்கே எனக்குச் சம்பளம்.

ஞானசீலன் பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அவன் மனைவி செல்வராணி மலையடிவாரத்துக் கல்லாறு ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். ஊரில் அவர்கள் கிறிஸ்தவ ஆலயத்துப் பாட்டுக்குழுவை நடத்தியவன் அவன்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

நிலவறையில் பதினான்கு பேர். ஜெனரேட்டர் அறை. டீசல் நாற்றம். மின்சாரம் இல்லை. சுவரின் மேல்பக்கம் ஒரு சாண் அகலத்தில் கம்பி ஜன்னல். பகலில் அதுதான் வெளிச்சம்.

ஞாயிறு, இரண்டாம் நாள். காலை பதினொன்று. மூன்று வெடி. அதன்பின் அமைதி. ஞானசீலன் ஜன்னலடியில் போய் உட்காருகிறான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுக்கிறான். முழங்காலில் தட்டுகிறான். காதோரம் வைத்துக் கேட்கிறான். கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். எழுதுகிறான்.

அந்தப் பொருளை எனக்குத் தெரியும். காது டாக்டர் நோயாளியின் கேட்கும் சக்தியைச் சோதிக்கும் இரும்புக் கவை. தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும். காது மூக்கு அறையில் இருக்க வேண்டியது இவன் பையில் எப்படி வந்தது? ஸ்டோர்காரனின் மூளை அங்கேதான் முதலில் போயிற்று.

இரண்டாவது, அந்தத் தாள். லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கம். சிறிய ஆங்கில எழுத்துகள். டி, ஆர், எம், எஸ். நடுவே இரட்டைப் புள்ளி. செங்குத்துக் கோடு. மறுபடி எழுத்து. ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரிசை.

“என்னவாக்கும் எழுதுத?” என்று கேட்டேன்.

“பைபிள்ல சங்கீதம் நூத்தியிருபத்தொண்ணு அண்ணாச்சி. வசனத்துக்கு ஒரு தாள்னு மெட்டு போடுறேன். மொத்தம் எட்டு வசனம். மலையைப் பாத்துத் தொடங்குற சங்கீதமாக்கும். இங்க பாருங்க, ஊரு பூரா ஒரு குன்றுகூட இல்ல.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் தங்கை பதினோரு வருடம் பாட்டு படித்தவள். அவளுடைய நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டவன் நான். பாட்டு என்றால் ச ரி க ம. ஒரு வரி ஸ்வரம், கீழே சாகித்தியம். ஒரு பாட்டுக்கு எதற்கு நான்கு வரிசை? ஒரு வாய் எப்படி நான்கு வரிசை பாடும்? எனக்குப் பாட்டு தெரியும் என்ற நினைப்பு. அதுதான் கெடுத்தது.

செவ்வாய். நான்காம் நாள். பிற்பகல் இரண்டு நாற்பது. அவன் கவையைத் தட்டினான். கடிகாரம் பார்த்தான். எழுதினான். இரண்டு ஐம்பத்தொன்று. விசில்போல ஒரு சத்தம், நீளமாக. வாசலில் நின்ற ஆம்புலன்ஸ்மேல் குண்டு விழுந்தது. தண்ணீர் குடிக்க மேலே வாசலுக்குப் போயிருந்த ஓட்டுநரும் காவலாளியும் அங்கேயே செத்துப் போனார்கள். பதினோரு நிமிடம். நான் எண்ணினேன். பாவி, எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும்.

எவனுக்கோ சேதி அனுப்புகிறான் என்று முடிவு கட்டினேன். எதை வைத்து அனுப்புவான் என்று யோசிக்கவில்லை. தொலைபேசி எல்லாம் செத்துக் கிடந்தது. ஒரு இரும்புத் துண்டும் காகிதமும் வைத்து எப்படி அனுப்ப முடியும்? சந்தேகம் பிடித்தவன் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

புதன். ஆயுதக்காரர்கள் வீடு வீடாகப் பைகளைச் சோதிக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். இந்தத் தாளைப் பார்த்தால் எல்லாரையும் சுவரோரம் நிறுத்துவார்கள் என்று பயந்தேன். அவன் கழிப்பறைக்குப் போன நேரம் அவன் பையில் கை விட்டேன். மேலாக இருந்த இரண்டு தாள் கிடைத்தது. குளோரின் வாளியில் முக்கினேன். மை கரைந்தது. தாள் கூழாயிற்று.

அவன் திரும்பி வந்து தேடினான். பையைக் கவிழ்த்தான். படுக்கையைப் புரட்டினான்.

“அண்ணாச்சி, ரெண்டு தாளு கண்டீங்களா?”

“இல்லையே.”

“சாரமில்ல, போட்டும். மனசுல உண்டு. ஊருக்குப் போய் எழுதிக்கிடலாம்.”

வியாழன். ஆறாம் நாள். தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியில்தான் இருந்தது. குழாய் உடைந்துவிட்டது. கேனோடு மேலே ஏற வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். இரண்டு பேர் போவோம். ஒருவர் பிடிப்பார். மற்றவர் படிவாசலில் நின்று வானத்தைக் கேட்பார். விசில் கேட்டதும் கத்துவார். தண்ணீர் பிடிப்பவர் கேனை விட்டுவிட்டுப் படிக்குள் பாய வேண்டும். நான்கு விநாடி கிடைக்கும். தொட்டியடியில் தண்ணீர் விழும் சத்தத்தில் அவருக்கு விசில் கேட்காது. அதனால்தான் காவல்.

காலை பதினொன்று பத்து.

“அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம முறை.”

“வயிறு சரியில்ல” என்றேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. அவன் இல்லாத நேரத்தில் மீதித் தாள்களை யாரிடமாவது காட்ட வேண்டும். அதுதான் காரணம். வேறு ஒருவரைக் கூட அனுப்பவும் எனக்குத் தோன்றவில்லை.

“படுத்துக்கோங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்று இரண்டு கேனை எடுத்துக்கொண்டு போனான். ஒரு சந்தேகமும் இல்லாத முகம். இன்றைக்கும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

பையைத் திறந்தேன். நான்கு தாள். நர்ஸ் ஷீலாவிடம் கொண்டு போனேன். நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெண். ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்திருந்தாள். மெதுவாகச் சொன்னேன்: இவன் எவனுக்கோ குறிப்பு எழுதுகிறான். ஷீலா தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள்.

“சாரே, இது பாட்டல்லே? டோ, ரே, மீ. எங்க சர்ச்சில எல்லாம் இதுதான். நாலு வரி நாலு குரலுக்கு. பெண்ணுங்களுக்கு ரெண்டு, ஆணுங்களுக்கு ரெண்டு. நாலும் ஒண்ணிச்சு, ஒரே நேரம் பாடணும்.”

மேல் வரிசையில் விரல் வைத்துப் பாடத் தொடங்கினாள். காய்ச்சல் குரல். மெட்டு இறங்கி இறங்கி, ஓரிடத்தில் கால் ஊன்றியதுபோல நின்று, ஏறியது. மூன்றாம் வசனம். உன் கால் தள்ளாட விடமாட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கமாட்டார் என்ற இடம். கவை சுருதிக்கு, கடிகாரம் பாட்டின் வேகத்துக்கு என்று அப்போதுதான் உறைத்தது. மூலையில் படுத்திருந்த சூடானியக் கிழவர் எழுந்து உட்கார்ந்தார்.

நான் மாடிப் படிவாசலுக்கு ஓடுகிறேன். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து படி. விசில் கேட்கிறது.

“ஞானம்! வருது! படிக்கு வா! வருது!”

இருபதாம் படியில் நின்று கத்தினேன். மேலே கேட்டிருக்காது. பதினொன்று இருபத்திரண்டு. முதலில் காற்று தள்ளியது. பிறகுதான் சத்தம். அதன்பின் தண்ணீர் வந்தது. உடைந்த தொட்டித் தண்ணீர் படிப்படியாக இறங்கி என் காலை நனைத்துக்கொண்டு கீழே போயிற்று.

அவனை ஆஸ்பத்திரிப் பின்கட்டில் வேப்பமரத்தடியில் புதைத்தோம். ஷீலா ஜெபம் சொன்னாள். நான் மண் தள்ளினேன். எட்டாம் நாள் பேருந்து வந்தது. பிறகு துறைமுகம், கப்பல், விமானம். வழியில் மூன்று இடத்தில் என் பையைச் சோதித்தார்கள். நான்கு தாளையும் ஒவ்வொருவனும் எடுத்துப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டான். எவனும் சந்தேகப்படவில்லை.

கல்லாற்றுக்குப் போனேன். செல்வராணி கடையில் இருந்தாள். தாள்களைக் கொடுத்தேன். அவளுக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு தாளின் தலையிலும் வசன எண். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

“ஒண்ணும் ரெண்டும் எங்க அண்ணாச்சி? அவரு நடுவுலேர்ந்து தொடங்குற ஆளில்ல.”

“குண்டுல எரிஞ்சு போச்சும்மா.”

அவள் நான்கு தாளையும் புரட்டிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

“இதுல ஒரு கரிப்பொட்டுகூட இல்லையே.”

நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

போன மாதம் திருவனந்தபுரத்தில் தமிழ் ஆராதனை நடக்கும் ஓர் ஆலயத்தில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். செல்வராணி என்னையும் கூப்பிட்டிருந்தாள். எதற்குக் கூப்பிட்டாள் என்று வழியெல்லாம் சந்தேகப்பட்டேன். இருபத்தாறு பேர், நான்கு குரல். மூன்றாம் வசனத்தில் தொடங்கினார்கள். பகலில் வெயிலும் இரவில் நிலவும் சேதப்படுத்தாது என்ற ஆறாம் வசனத்தோடு நின்றது. முடிந்ததுபோல இல்லை. ஜனங்கள் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். முன்வரிசையிலிருந்து செல்வராணி திரும்பினாள். பாட்டுக்குழுவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

ஆகவே இதை எழுதுகிறேன். எண்ணிச் சொல்கிறேன்.

நிலவறைக்குள் போனவர்கள் பதினான்கு. வெளியே வந்தவர்கள் பதினொன்று. ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். காவலாளி, ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தவர். ஞானசீலன், முப்பத்தெட்டு வயது. கேன் இரண்டு. காது டாக்டரின் கவை ஒன்று, அவன் சட்டைப்பையோடு போனது.

முதல் தாள், மலை வருகிற வசனம். இரண்டாம் தாள், ஒத்தாசை வருகிற வசனம். அவை எரியவில்லை, செல்வராணி. நான் திருடி, குளோரினில் முக்கினேன். உன் புருஷனிடம் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். உன்னிடமும் சொன்னேன்.

ஏழாம் வசனம் எழுதப்படவில்லை. எட்டாம் வசனமும் எழுதப்படவில்லை. இங்கே வந்த பிறகுதான் அந்தக் கடைசி வசனத்தைப் பைபிளில் வாசித்தேன். ஒருவன் போவதையும் வருவதையும் கர்த்தர் காப்பார் என்று அதில் இருக்கிறது. அன்று படிவாசலில் காவல் நிற்க வேண்டியவன் நான்.