வெட்டுவாய் காயும் வரை

உங்கள் ஸ்டேஷன் ஜன்னலில் இருக்கும் அந்தச் செடிக்கு யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், சார். அடி இலைகள் மஞ்சளாகி ஊதிப்போயிருக்கின்றன, பாருங்கள். நல்ல மனசோடுதான் ஊற்றுகிறார்கள். ஆனால் இந்த வகைச் செடி வெயிலில் சாவதைவிட நல்ல மனசால் சாவதுதான் அதிகம். இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்கிற செடி அது. மேலும் மேலும் கொடுத்தால் வேர் அழுகிவிடும். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடவை ஊற்றச் சொல்லுங்கள், போதும்.

செடிக் கதை வேண்டாம், தங்கச்சியைப் பற்றிச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். இரண்டையும் வளர்த்தவள் நான்தான், அதனால் ஒன்றைச் சொன்னால் மற்றதும் கூடவே வந்துவிடுகிறது.

அம்மா போனபோது எனக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியும், அவளுக்கு நடக்கத் தெரியாது. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வாலு என்று அவளுக்குச் செல்லப்பேர் வைத்தது நான். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு செடி நர்சரியில் வேலை பார்த்தேன், பிறகு சொந்தமாக ஒன்று போட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இடுப்பில் இருந்தவளைப் பார்த்துவிட்டு எழுந்தார்கள். நானும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவளுக்காக என் வாழ்க்கையையே கொடுத்தேன் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் சொல்லவில்லை என்பதை அவள் மட்டும் மறக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் நர்சரியில் பூச்செடி கிடையாது. கற்றாழை, கள்ளி, உருண்டை இலைச் செடிகள், இவைதான். ஒரு மாதம் மறந்துபோனாலும் கோபித்துக்கொள்ளாத செடிகள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். இந்தச் செடிகளை விட்டுப்பிடித்துத்தான் வளர்க்க வேண்டும். கிளை வெட்டி நடும்போது முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வெட்டிய கிளையை உடனே நடக்கூடாது. நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டுகிற வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் அழுகிவிடும். வாலுவுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "காயட்டும், தண்ணி படக் கூடாது" என்று மழலையில் அவள் எனக்கே பாடம் எடுப்பாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

அப்படி இருந்தவள் ஒருநாள் சாயங்காலம், செடிச்சட்டிகளைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, சட்டிக்காரர் என்னைக் கேட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

சட்டிக்காரர் எங்களுக்கு மண்சட்டி கொண்டுவந்து போடுகிறவர். நல்ல மனிதர். குடி கிடையாது, குரலை உயர்த்திப் பேச மாட்டார், உடைந்த சட்டிக்குக் கேட்காமலே வேறு சட்டி தருவார். குறை சொல்ல ஏதாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அவங்க ஊர்லதான். கடல் பக்கம். நீயும் வாயேன்க்கா."

நீயும் வாயேன் என்றாள், சார். வீட்டைப் பூட்டும்போது நினைவு வந்து குடையையும் எடுத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. கடற்காற்றில் ஈரம் அதிகம், நம் செடிகள் அங்கே தாங்காது என்றேன். "செடிதானேக்கா" என்றாள். அன்று ராத்திரி நான் அழுதேன். அவளுக்குக் கேட்காமல்தான் அழுதேன்.

இனி அந்தக் காலைப்பொழுது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பால்கள்ளி நிற்கிறது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் தெரியாதவர்கள் இல்லை. அதனால் அதை வெட்டும்போது கண்ணாடி போட வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும். இரண்டும் நான் வைத்த சட்டம். அன்று கிளை வெட்டும் வேலையை வாலுவிடம் கொடுத்தேன். "கண்ணாடி எங்கக்கா?" என்று கேட்டாள். "ரெண்டு வெட்டுதானே, தலையைத் தள்ளி வச்சிட்டு வெட்டு" என்றேன். கண்ணாடி என் இடுப்பில் செருகியிருந்தது. முந்தானை மறைத்திருந்தது.

முதல் வெட்டிலேயே பால் பீய்ச்சி அடித்தது. இரண்டு கண்ணிலும்.

"அக்கா, எரியுது, தண்ணி குடுக்கா" என்று கத்தினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தண்ணி படக் கூடாது வாலு. கையை எடு. காயட்டும்" என்றேன். எங்கள் தொழிலின் பழக்கம் அது, வாயில் தானாக வந்துவிட்டது என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். அதில் வருத்தமான விஷயம், அவளும் நம்பினாள். செடி விஷயத்தில் அவள் என் பேச்சைத் தட்டியதே இல்லை. துணியால் கண்ணைக் கட்டி முக்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, சொன்னபடியே உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெட்டி விழுந்த கிளைகள் சுருங்கிவிடுமே என்று அவற்றைப் பொறுக்கி நிழலில் வரிசையாக வைத்தேன். கையைக் கழுவினேன். பிறகுதான் வண்டி பிடிக்கப் போனேன்.

கருவிழி வெந்துபோய்விட்டது என்றார் டாக்டர். "அந்த நிமிஷமே கழுவியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதேம்மா" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பு இல்லை, சார். அவளுக்கு வலித்தது எனக்கும் வலித்தது. "கண்ணை இமை காக்கிற மாதிரி வளர்த்தியே, உனக்கா இப்படி" என்று பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கட்டிக்கொண்டாள். வாலு என்னைத் தேடிக் கையை நீட்டி, "அழாதக்கா, பழக்கதோஷம்தானே" என்றாள். என் வாழ்நாளில் அவ்வளவு அன்பாக அவள் என்னோடு பேசியதில்லை.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் எங்களுடைய நல்ல காலம். ஊட்டிவிட்டேன், தலை வாரிவிட்டேன். எங்கே போனாலும் என் தோளில் அவள் கை இருந்தது. ஓர் இடத்தில் உட்காராதவள், நான் உட்காரவைத்த இடத்தில் இருந்தாள். சட்டிக்காரர் வாசலுக்கு வந்தார். கண் போனால் என்ன, கட்டிக்கொள்கிறேன் என்றார். அவள் உங்களை வர வேண்டாம் என்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து, அவர் வரவே இல்லை என்றேன். அவளுக்கு அழக்கூட முடியவில்லை, கண்ணீர் பட்டால் எரியும். நான்தான் துடைத்துவிட்டேன்.

ஆனால் அவர் விடவில்லை. மறுபடி மறுபடி வந்தார். ஒருநாள் நான் கடைக்குப் போயிருந்த நேரம், அவருடைய வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சட்டிகளின் விளிம்பைத் தடவித் தடவி, எந்த வரிசைக்குப் பிறகு எந்த வரிசை என்று மனப்பாடமாகத் தெரிந்தவளாயிற்றே, கதவு வரை போய்விட்டாள். நான் திரும்பி வந்தபோது முக்காலி காலியாக இருந்தது. அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ஏன் கழுவவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா வேண்டாம் என்றாள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

பழக்கதோஷமா, வேண்டுமென்றே செய்ததா என்று கேட்கிறீர்கள். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. காய்ந்துகிடக்கும் கள்ளியில் பால் கெட்டியாக, மெதுவாகத்தான் கசியும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தால்தான் பீய்ச்சி அடிக்கும். அதனால் வெட்டுவதற்கு முன் அதற்குத் தண்ணீரே காட்டமாட்டோம். அந்த வாரம் முழுக்க நான் ஊற்றினேன். பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரைத்தான் ஊற்றினேன். கடைசி நாள் வாளியைக் காலி செய்து கவிழ்த்துவைத்தேன். அவள் எங்கேயும் போகக்கூடாது என்பதற்காகச் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் அவளுக்குக் கருவிழி மாற்றுகிறார்களாம். ஒரு கண்ணிலாவது பார்வை வர வாய்ப்பு இருக்கிறதாம். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கோபம். சின்ன வயதிலும் அப்படித்தான், இரண்டு வேளை முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மூன்றாவது வேளை என் மடியில் வந்து படுத்துக்கொள்வாள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு மட்டும் என்னை அனுப்பிவையுங்கள், சார். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். சட்டிக்காரருக்கு மண் பிசைந்து காய்ப்பேறிய முரட்டுக் கை. இமையை நோகாமல் விரித்து, சரியாகக் கண்ணுக்குள் விழும்படி விட வேண்டும். அதற்கு என்னைத் தவிர வேறு யாரை நம்பி விட முடியும்?